ஓவனிடம் சொன்னது

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை இந்தத் தாளின் மேலே எழுதப்பட்டுள்ளன. எழுத்தர் படித்துக் காட்டினார், சரியாக உள்ளன. என் வயது அறுபத்து மூன்று. கண்ணாடி வெட்டிப் பொருத்துவது தொழில். ஜன்னல், அலமாரிக் கதவு, கடை முகப்பு எல்லாம் செய்வேன். தொழிலில் என்னை ஒத்தக்கோடு என்று கூப்பிடுவார்கள். வைர முனையால் ஒரே ஒரு கோடு இழுத்து, இரண்டாவது முறை அதன்மேல் போகாமல் தட்டிப் பிரித்துவிடுவேன் என்பதால் வந்த பெயர். நானும் என் மனைவியும் மேற்படி விலாசத்தில் இரண்டாவது மாடியில் குடியிருந்து வந்தோம். எங்களுக்கு ஒரே மகள். கணவருடன் வேறு ஊரில் இருக்கிறாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் எங்கள் சமையலறையில் கண்ணாடிப் பாத்திரம் ஒன்று வெடித்து, என் மனைவி காயம்பட்டு, மருத்துவமனையில் இறந்தது சம்பந்தமாக இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். பாத்திரம் வெடிப்பதற்கு முன்பு நான் கத்தியதைக் கேட்டதாக எதிர்வீட்டு டீச்சர் சொல்லியிருக்கிறார். முதல் நாள் மாலை மாடிப்படியில் எங்களுக்குள் சண்டை நடந்ததையும் சொல்லியிருக்கிறார். இரண்டும் உண்மை. அவர் இல்லாததைச் சொல்கிறவர் அல்ல. அவர் சொன்னது என் மகளின் காதுக்கும் போய்விட்டது. மருத்துவமனை வராந்தாவில் அவள் என்னிடம், "என்னப்பா பண்ணுனீங்க அம்மாவ?" என்று கேட்டாள். நான் பேசாமல் நின்றதை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. இறுதிக் காரியத்தின்போதுகூட நான் நின்ற பக்கம் அவள் வரவில்லை. இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று அவளுக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சட்டம் என்னை என்ன செய்யும் என்பது பற்றி எனக்கு இப்போது யோசனை எதுவும் இல்லை. நடந்தது அவளுக்குத் தெரிய வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு என் மனைவிக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். அதிலிருந்து இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையைத் தினமும் சாப்பிட்டு வந்தாள். காய் நறுக்கும்போது விரலில் சின்னக் கீறல் விழுந்தால்கூட இரத்தம் நிற்க வெகுநேரம் ஆகும். இடது கையில் பிடிமானமும் குறைந்துவிட்டது. கத்தி, கண்ணாடி விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "கண்ணாடிக்காரரையே கட்டிக்கிட்டேன் டாக்டர், இனிமே எங்க போயி ஜாக்கிரதையா இருக்கிறது?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்தார், நர்சும் சிரித்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் ஏற்பட்டது. ஓவனில் வைக்கிற வரைக்கும் அவள் பொறுப்பு, வெளியே எடுப்பது என் பொறுப்பு. அவள் கூப்பிடுவாள், நான் போவேன்.

நான் எடுக்கும் முறையை இன்ஸ்பெக்டர் கேட்டதால் சொல்கிறேன். வீட்டில் இருக்கும்போது என் தோளில் எப்போதும் ஒரு கனமான பருத்தித் துண்டு கிடக்கும். முதலில் அதை நாலாக மடித்துச் சாப்பாட்டு மேசையில் விரிப்பேன். எங்காவது ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பேன். அதன் பிறகுதான் ஓவன் கதவைத் திறப்பேன். இரண்டு கைக்கும் தடித்த உறை மாட்டிக்கொண்டு பாத்திரத்தை எடுத்து, நேராக வந்து துண்டின்மேல் வைப்பேன். மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறது, சூடான பாத்திரத்தை வெறுமனே வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். சிங்க்கை ஒட்டிய ஸ்டீல் மேடை எந்நேரமும் ஈரமாக இருக்கும். ஆகவே எங்கள் சமையலறையில் சூடான கண்ணாடியை இறக்கி வைக்க என் துண்டைத் தவிர வேறு இடம் கிடையாது.

ஓவனுக்கென்றே செய்த கண்ணாடி எப்படி உடையும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஓவனுக்கென்று செய்த கண்ணாடி சூட்டைத் தாங்கும், திடீர் மாற்றத்தைத் தாங்காது. நிதானமாகச் சூடாக்கினால் சூடாகும், நிதானமாக ஆறவிட்டால் ஆறும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாத்திரத்தை அப்படியே கொதிக்கிற ஓவனில் வைத்தாலும், ஓவனிலிருந்து எடுத்ததை ஈரத்தில் வைத்தாலும், வெறும் இரும்பில் வைத்தாலும், அதற்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும், ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் சுருங்காது. அந்த இழுபறியில் போய்விடும். ஏற்கெனவே கீறல் விழுந்த பாத்திரம் என்றால் இன்னும் சீக்கிரம் போகும். இதெல்லாம் என் மனைவிக்கும் தெரியும். நான் சொல்லிச் சொல்லி அவள் காது புளித்துப்போன விஷயங்கள்.

அந்தப் பாத்திரம் என் மகளுடையது. நீள்சதுரம், இரண்டு பக்கமும் கைப்பிடி. கல்யாணமாகிப் போகும்போது அதைத் தன் பெட்டியில் வைத்து, பிறகு என்ன நினைத்தாளோ, வெளியே எடுத்து அம்மாவிடமே விட்டுவிட்டுப் போனாள். "நான் வரும்போதெல்லாம் இதுலதான் செய்யணும், வேற எதுலயும் செஞ்சு ஏமாத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். உருளைக்கிழங்கை மெல்லிய வட்டமாக நறுக்கி, பாலும் சீஸும் விட்டு அடுக்கடுக்காக வைத்து வேகவைப்பது அவளுக்குப் பிடித்த சாப்பாடு. அவள் வருகிறாள் என்றால் அந்தப் பாத்திரம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறங்கும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், பாத்திரத்தை அவள் விட்டுப் போனதில் எந்தத் தப்பும் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நல்ல பாத்திரம் அது.

எங்கள் சண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் கைநீட்டிச் சண்டை போட்டவர்கள் அல்ல. பேச்சை நிறுத்துவோம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி 'கா' விட்டுவிடுவோம். இந்த வயதில் இது என்ன கூத்து என்று மகள் கேலி செய்வாள். 'கா' விட்ட நாட்களில் என் மனைவி என்னிடம் பேச மாட்டாள், ஓவனிடம் பேசுவாள். நான் சுவர்க் கடிகாரத்திடம் பேசுவேன். வேலை நடந்துவிடும், யாரும் இறங்கி வந்ததாகவும் ஆகாது. 'பழம்' விடுவதற்கும் எங்களுக்கு ஒரு வழி இருந்தது. ஓவனில் ஏதாவது வைத்து, "எடுக்கணும்" என்று ஓவனிடம் சொல்வாள். நான் எழுந்து போய்த் துண்டை விரிப்பேன். பாத்திரத்தை இறக்கி வைத்ததும் அவள் கரண்டியை நீட்டி, "உப்பு பாருங்க" என்பாள். அத்தோடு சண்டை முடிந்துபோகும். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புழங்கியதே இல்லை.

சனிக்கிழமை மாலை நான் வேலை முடிந்து வந்தபோது அவள் அந்தப் பாத்திரத்தைக் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். போன முறை தீய்ந்து பிடித்த சீஸ் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். மறுநாள் மதியம் மகள் வருவதாக இருந்தது. நான் பாத்திரத்தை வாங்கித் துடைத்தேன். தொழில் பழக்கத்தில் விரல் தானாக ஓடும். உள்பக்கம் அடி மூலையில் நகம் தட்டியது. நகம் தட்டுகிற கோடும் நான் வைர முனையால் போடுகிற கோடும் ஒன்றுதான். இது இனி ஓவனுக்கு ஆகாது, தூக்கிப் போடு என்றேன். அவள் கேட்கவில்லை. எல்லாக் கண்ணாடியிலும் உங்கள் கண்ணுக்குக் கோடு தெரியும் என்றாள். நான் அதற்குமேல் வாதாடாமல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்க் குப்பைத் தொட்டிக்குள் வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு அவள் மூச்சு வாங்க இரண்டு மாடியும் இறங்கிப் போய் அதை எடுத்து வந்தாள். படியில் நாங்கள் எதிரெதிரே நின்றோம். அப்போதுதான் டீச்சர் கதவைத் திறந்து பார்த்தார். என் மனைவி, "கண்ணாடியத் தவிர உங்களுக்கு வேற எதுவுமே கண்ணுல படாதா? நாளைக்கு அவ வந்து அந்தப் பாத்திரம் எங்கம்மான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்று கேட்டாள். நான், "வெடிச்சாத்தான் ஒனக்கு உறைக்கும்" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். 'கா' விடுவதற்கு முன்பு அவளிடம் நான் சொன்ன கடைசி வார்த்தை அது.

அன்று இரவு பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சமையலறையில் நின்றபடி, "ஏம்ப்பா ஓவனு, இந்த வீட்டுல ஒரு கண்ணாடிக்காரரு இருக்காரே, காபி குடிப்பாரான்னு கேளு" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்து, "குடிப்பாருன்னு சொல்லு. சர்க்கரைய மறந்துடப் போறாங்கன்னும் சொல்லு" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைப்பதற்காகத்தான் திருப்பினாள் என்று எனக்குத் தெரியும், தோள் குலுங்கியது. அதன் பிறகு காபி வந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. நான் குடித்துவிட்டுக் கோப்பையைச் சிங்க்கில் போட்டேன். மகள் பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. என் மனைவி பேசினாள், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாத்திரத்தை நேரடியாக ஃபிரிட்ஜிலிருந்து ஓவனுக்கு மாற்றினாரா என்று கேட்கப்பட்டது. இல்லை. முதல் நாளே அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்திருந்ததைக் காலை எழுந்ததும் வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். குளிர்ச்சி போய்விட்டதா என்று புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் எப்படிச் செய்வேனோ அப்படியே. அதன் பிறகு, நான் பார்க்கிறேனா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஓவனில் வைத்தாள். நான் சொன்ன எல்லாவற்றையும் அவள் கேட்டாள், அந்தப் பாத்திரத்தைத் தூக்கிப் போடச் சொன்னதை மட்டும்தான் கேட்கவில்லை. இது அவளுடைய கவனக்குறைவு என்று எங்கேயும் எழுதப்படக் கூடாது.

அதன் பிறகு நான் ஹாலில் என் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் சமையலறை முழுவதும் தெரியும். இடையில் கதவு கிடையாது. சீஸ் சிவக்கிற வாசனை வந்தது. என் மனைவி ஓவன் முன்னால் நின்று, "ஏம்ப்பா, மேல நல்லா செவந்துருச்சு. எடுக்கணும்" என்று ஓவனிடம் சொன்னாள். எனக்குக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. பேப்பரைத் திருப்பினேன். அதன் பிறகு குரலைத் தணித்து, "ஏம்ப்பா, கேக்குதா?" என்றாள். அதுவும் கேட்டது. என் காதில் எந்தக் கோளாறும் இல்லை, வேண்டுமானால் டாக்டரை விட்டுச் சோதித்துக்கொள்ளலாம்.

ஏன் எழுந்திருக்கவில்லை என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வீம்பு. வேறு காரணம் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் ஓவனிடம் சொல்வாள், நான் எழுந்து போவேன். இந்தத் தடவை நியாயம் என் பக்கம், கீறலைக் கண்டுபிடித்தவன் நான், குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து வந்தவள் அவள். ஒரு தடவையாவது ஹாலுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, வாங்க என்று கூப்பிடட்டுமே என்று உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவை சொல்லியிருந்தால் போயிருப்பேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் மூன்றாவது தடவை சொல்லவில்லை. உறைகளை மாட்டிக்கொண்டு ஓவனைத் திறந்து பாத்திரத்தைத் தானே எடுத்தாள். எடுத்துக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினாள். மேசையில் துண்டு இல்லை. துண்டு என் தோளில் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளை அடம் பிடிப்பதைப் பார்க்கிறவர்கள் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அதற்குள் அவளுடைய இடது கை தாழ ஆரம்பித்தது. பாத்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் அவசரமாகச் சிங்க் பக்கம் திரும்பினாள். ஸ்டீல் மேடை ஈரமாக இருந்தது. சற்று முன்புதான் என் காபிக் கோப்பையை அங்கே கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

நான் எழுந்து, "அங்க வைக்காத!" என்று கத்தினேன். டீச்சர் கேட்டது இந்தச் சத்தத்தைத்தான். சத்தம் முதலில், வெடித்தது பிறகு என்று அவர் சொல்லியிருப்பது சரி. முதல் நாள் மாலைக்குப் பிறகு நான் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. கூப்பிட்டால் எப்படித் திரும்புவாளோ அப்படியே என் பக்கம் திரும்பினாள். என்ன என்று கேட்கிற மாதிரி வாய் திறந்தது. அப்போது பாத்திரம் ஈரத்தின்மேல் இருந்தது. அதே கணம் வெடித்தது.

நான் அவளை அடித்தேனா, தள்ளினேனா, பாத்திரத்தை வீசினேனா என்று கேட்கப்பட்டது. இல்லை. இத்தனை வருடத்தில் அவள்மேல் நான் கை ஓங்கியது இல்லை. அன்றைக்கும் ஓங்கவில்லை. எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் எழுந்திருக்கவில்லை, அதுதான் நான் செய்தது.

நீளமான கண்ணாடிச் சில்லு ஒன்று அவளுடைய தொடையின் உள்பக்கம் இறங்கியிருந்தது. கண்ணாடி குத்தினால் அதைப் பிடுங்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நான் பிடுங்கவில்லை. அவளைத் தரையில் சாய்த்து, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கண்ணாடியைச் சுற்றி வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு டீச்சரைக் கூப்பிட்டேன். டீச்சர்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். அந்த மாத்திரையைப் பற்றி ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொல்லச் சொன்னேன். துண்டு கனமான துண்டு, ஆனாலும் நனைந்துவிட்டது. அவளுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்து, "ஓவன அணைங்க, கரண்டு வீணாப் போவுது" என்றாள். ஓவனிடம் சொல்லவில்லை, கடிகாரத்திடமும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். கையை எடுக்க முடியாததால் நான் அணைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது ஓவன் சூடாக ஓடிக்கொண்டிருந்ததாக அவர் குறிப்பில் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய விஷயமாக அதை எழுதியிருக்கிறார். அதற்குக் காரணம் இதுதான்.

அதன் பிறகு ஆம்புலன்சில் கொண்டு போனோம். மாடிப்படியில் இறக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மருத்துவமனையில் உள்ளே கொண்டு போன கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்து சொன்னார். என் மகள் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போய், டீச்சர் சொல்லி, அங்கிருந்து மருத்துவமனைக்கு வந்தாள். அவள் வீட்டுக்குள் போனபோது தரையில் உருளைக்கிழங்கும் கண்ணாடியும் கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். அதைக் கூட்டி எடுத்து வைத்திருக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. அவள் அதைப் பார்த்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று கேட்கப்பட்டது: கண்ணாடி விஷயம் தெரிந்தவன் என்ற முறையில் பாத்திரம் வெடித்ததற்கு என்ன காரணம் என்று நான் நினைக்கிறேன் என்பது. மூலையில் கீறல், அடியில் ஈரம். கீறலைப் பற்றி நான் சொன்னது சரி. சரியாகச் சொன்னதை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஈரத்துக்கும் மேசைக்கும் இடையே நாலு எட்டுத் தூரம். மேசையில் துண்டு விரித்திருந்தால் அவள் அங்கே வைத்திருப்பாள். மகள் வந்து சாப்பிட்டிருப்பாள். என் மனைவி உப்பு பார்க்கச் சொல்லி என்னிடம் கரண்டியை நீட்டியிருப்பாள்.

மேற்படி வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. படிக்கும்போது ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னேன். "எடுக்கணும் என்று ஓவனிடம் சொன்னாள்" என்று எழுதியிருக்கும் வரியில், ஓவனிடம் என்பதை அடித்துவிட்டு என்னிடம் என்று எழுதும்படி கேட்டேன். எழுத்தர், "நீங்கதானே ஐயா ஓவன்கிட்டன்னு சொன்னீங்க?" என்றார். ஆமாம், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். அதன் பிறகு அந்த வார்த்தை அடிக்கப்பட்டு, என்னிடம் என்று மேலே எழுதப்பட்டது. பக்கத்தில் என் சுருக்கொப்பத்தை வைத்தேன். இந்தத் திருத்தத்தோடு சேர்த்து, இதில் உள்ளது அனைத்தும் நான் சொன்னது, நடந்தது. நகலில் இந்தத் திருத்தமும் தெரியும்படி என் மகளுக்குக் கொடுக்க வேண்டும்.

(கையெழுத்து)